பிட்டு ஒன்று, ஊர் மூன்று

(‘சிங்கப்பூர்த் தமிழரின் காலை உணவில் ஊர் ருசி வாழ்வது வீட்டிலா, கடையிலா?’ என்ற தலைப்பில் அமைந்த தொலைக்காட்சி அரங்கில், ‘வீட்டிலே’ என்ற அணிக்காக நிகழ்த்தப்பட்ட உரை)

பசியாறிவிட்டீர்களா?

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விவாதம் முடிந்துவிடுகிறது. சென்னையில் இருந்து வந்தவர் ‘டிபன் ஆச்சா’ என்பார். நாகர்கோவில் பக்கத்து ஆளுக்குக் ‘காப்பி குடி’ என்றாலே காலைச் சாப்பாடுதான். காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினால் கோபித்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தார் ‘காலமைச் சாப்பாடு’ என்பார். ‘பசியாறுவது’ என்பது தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழிலும் வழங்கும் சொல். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை பெயர். இந்தப் பெயர்களில் எது சிராங்கூன் சாலைக் கடைகளின் பெயர்ப்பலகையில் இருக்கிறது? அங்கே தோசை, இட்லி, பூரி, பொங்கல், வடை. அவ்வளவுதான்.

எதிரணி நண்பர் கடைகளின் பெருமையை அழகாக அடுக்கினார். ஆனந்த பவன் 1924இல் தொடங்கியது. கோமள விலாஸ் 1947இல் முருகையா ராஜூ தொடங்கியது. தேக்கா சந்தையின் உணவங்காடியில் எந்த நேரமும் கல்லில் ஏதோ ஒன்று வெந்துகொண்டுதான் இருக்கிறது. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோவே பட்டியலில் சேர்த்தது. எல்லாம் உண்மை, மறுப்பு இல்லை. தனியாக வந்த ஆண்களுக்குச் சோறு போட்டு, வெற்றிலை பாக்குக் கொடுத்து, ஊர்ச் செய்தி சொல்லி அனுப்பிய கடைகளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் அந்தத் தோசை எந்த ஊர்த் தோசை, நடுவர் அவர்களே? மதுரையா, கோவையா, தஞ்சாவூரா? நடுவில் உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுருட்டிய தோசை உடுப்பி ஓட்டல்களின் வழியில் வந்தது. அந்த ஓட்டல்கள் சென்னையில் பரவிய பிறகு, தமிழ்நாட்டுக் கடைகள் பலவும் அதே பட்டியலைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பட்டியல்தான் கப்பலேறி இங்கேயும் வந்தது. சைவ ஓட்டல் என்றால் இன்னது இருக்கும் என்று உலகம் முழுக்க ஒரே பட்டியல். லண்டனிலும் அதுதான், தேக்காவிலும் அதுதான். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை ‘ஊர் ருசி’ என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.

ஊர் ருசி என்பது என்ன? பிட்டை எடுத்துக்கொள்வோம். பிட்டுக்கு மண் சுமந்த கதை தெரியாத தமிழர் கிடையாது. வந்தி என்ற கிழவி உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொடுத்தாள், சொக்கநாதர் பிரம்படி பட்டார். அந்த மதுரைப் பிட்டு இனிப்பு. அரிசி மாவை ஆவியில் வேக வைத்து, வெல்லப் பாகும் தேங்காய்ப் பூவும் ஏலக்காயும் சேர்த்து உதிர்த்தது. கன்னியாகுமரிக்குப் போனால் பிட்டு ‘புட்டு’ ஆகி, குழலுக்குள் ஏறிவிடுகிறது. ஒரு பிடி மாவு, ஒரு பிடி தேங்காய், மறுபடி மாவு. குழலைக் கவிழ்த்துத் தள்ளினால் தட்டில் உருளையாக விழும். தொட்டுக்கொள்ளக் கடலைக் கறி, பயறு, அப்பளம், வாழைப்பழம். கேரளமும் இதே வழி. பாக்கு நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் போனால் குழல் உண்டு, ஆனால் பழைய வீடுகளில் பனையோலையில் பின்னிய கூம்பு வடிவ நீத்துப்பெட்டி உண்டு. வறுத்த சிவப்பரிசி மாவைச் சுடுதண்ணீரில் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கொத்தி, நீத்துப்பெட்டியில் அவிப்பார்கள். பக்கத்தில் சொதி, சம்பல், முதல் நாள் மீன் குழம்பு. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவிலும் பிட்டு உண்டு. பேர் ஒன்று, இனிப்பு ஒன்று, கடலைக் கறி ஒன்று, மீன் குழம்பு ஒன்று. மூன்று வீட்டுக்காரரும் ஒரே மாடியில் குடியிருந்து, ‘எங்கள் வீட்டில் இன்றைக்குப் பிட்டு, வாருங்கள்’ என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். வந்தவர் முகம் போகிற போக்கு தெரியும்.

சொதியும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துச் சொதி மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்ட தண்ணீரான தேங்காய்ப்பால். காலையில் இடியப்பத்தின் மேல் ஊற்ற வேண்டியது. திருநெல்வேலிச் சொதி, காய்கறிகளும் பாசிப்பருப்பும் சேர்ந்த மறுவீட்டு விருந்துச் சமாச்சாரம். சோற்றுக்கு, அதுவும் இஞ்சித் துவையலோடு. யாழ்ப்பாணத்து மருமகள் நெல்லை வீட்டுக்குள் வந்து ‘நாளைக்குக் காலையில் சொதி வைக்கட்டுமா மாமி’ என்று கேட்டால், மாமியார் ‘யாருக்குக் கல்யாணம்?’ என்று கேட்பார்.

கொங்கு நாட்டுச் சந்தகையை இடியப்பத்தின் தங்கை என்று பலர் நினைக்கிறார்கள். முறையே வேறு. இடியப்பத்துக்கு மாவைப் பிழிந்து பிறகு அவிக்க வேண்டும். சந்தகைக்குப் புழுங்கலரிசியை அரைத்து இட்லி போல அவித்து, சூடு ஆறும் முன் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். ஒருவர் அச்சைப் பிடிக்க, ஒருவர் அழுத்த, வீட்டில் ஆள் பலம் வேண்டும். இதைச் செய்து விற்க எந்தக் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும்? காஞ்சிபுரம் இட்லியும் அப்படியே. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய கூடையில் நெடுநேரம் வேக வைத்து வரதராஜப் பெருமாளுக்குப் படைப்பது. அந்தப் பெயரில் தட்டில் வருவதில் பெரும்பாலும் மிளகும் சீரகமும் மட்டும் இருக்கின்றன. இலையும் இல்லை, கூடையும் இல்லை.

இங்கே எதிரணிக்கு ஒரு ஆயுதத்தை இந்த அணியே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இட்லி, தோசையைத்தான் தாத்தா பாட்டி தினமும் காலையில் சாப்பிட்டார்கள் என்று நினைத்தால் அது தவறு. கிராமத்தில் பெரும்பாலான வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மற்ற நாளில் பழைய சோறு, சின்ன வெங்காயம், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி. கன்னடத்தில் 920ஆம் ஆண்டு எழுந்த வட்டாராதனை என்ற நூலில் ‘இட்டலிகே’ என்ற பெயர் வருகிறது. உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயா, புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் வழக்கம் இந்தோனேசியப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்றுகூட ஊகித்தார். அந்த ஊகம் சரியானால், இட்லி தன் தாய்வீட்டுக்குப் பக்கத்தில்தான் திரும்பி வந்திருக்கிறது. ஆக, கடை காப்பாற்றி வைத்திருப்பது ஊரின் பண்டிகைச் சாப்பாட்டை. ஊரின் அன்றாடச் சாப்பாடு, அந்தக் கூழும் பழையதும், எந்தப் பலகையிலும் ஏறவில்லை. அதை வீட்டில்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடிப் போனால் சிங்கப்பூர் எத்தனை ஊராகப் பிரிந்து கிடந்தது என்பது தெரிகிறது. செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் இருந்தார்கள். பெட்டியடி அருகே கணக்கு, பின்கட்டில் சமையல். பணியாரமும் இடியப்பமும் அவர்கள் சீமையின் அடையாளம். யாழ்ப்பாணத்தார் குமாஸ்தாக்களாகவும் ரயில்வே, மருத்துவமனை ஊழியர்களாகவும் வந்தார்கள். சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம் 1910இலேயே தொடங்கிவிட்டது. சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. மலையாளிகள் செம்பவாங் கடற்படைத் தளத்தில் நிறைய வேலை பார்த்தார்கள். அந்த வட்டாரத்துக் காலைகளில் புட்டுக் குழல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் பக்கம் குடும்பத்தோடு வந்து தங்கினார்கள். கடையநல்லூர்ப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. மசாலா அரைத்து விற்றார்கள், தோசை சுட்டு விற்றார்கள்.

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கோழிச் சோற்றுக்காக உலகமே வரிசையில் நிற்கும் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் முகவரி என்ன தெரியுமா? ‘1, கடையநல்லூர் ஸ்திரீட்’. தெருவுக்கு ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஊர்ச் சாப்பாட்டை அங்கே போய்த் தேடினால் சுற்றுலாப் பயணிகள்தான் கிடைப்பார்கள்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானது. மரவள்ளிக்கிழங்குதான் உயிர் காத்தது. செட்டிநாடா, யாழ்ப்பாணமா, கடையநல்லூரா என்ற பேச்சே இல்லை, எல்லார் அடுப்பிலும் கிழங்கு. அந்த மூன்றரை ஆண்டு முடிந்ததும் எல்லோரும் அவரவர் ஊர்ச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். பசியே அழிக்க முடியாததைப் பிறகு எது கரைக்கத் தொடங்கியது?

வீடுதான். எதிரணி கைதட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. கம்பத்து வீடுகளில் இருந்தவர்கள் மாடிகளுக்கு ஏறினார்கள். தண்ணீர், மின்சாரம், கழிவறை எல்லாம் கிடைத்தன. அதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் பத்தாவது மாடியில் ஆட்டுக்கல்லை எங்கே போடுவது? அதிகாலையில் உலக்கை போட்டு மாவு இடித்தால் ஒன்பதாவது மாடிச் சீனத்துப் பாட்டி தூங்குவாரா? கோவையில் பிறந்த மின் அரவை இயந்திரம் வந்து இட்லி, தோசையைக் காப்பாற்றியது. அதனால் முன்பு பண்டிகைக்கு மட்டும் வந்த இட்லி தினசரி ஆனது. இடித்துச் செய்ய வேண்டிய சாப்பாட்டுக்கு அப்படி ஓர் இயந்திரம் வரவில்லை. ஒடியல் மாவு பின்னால் போனதற்கு ருசி காரணமில்லை, உலக்கைச் சத்தம் காரணம். பிறகு பெண்கள் வேலைக்குப் போனார்கள். ஆறரை மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர் ஐந்து மணிக்கு எழுந்து மாவு கொத்திப் பிட்டு அவிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், முதலில் அவர் போய் அவித்துப் பார்க்கட்டும். வேலைச் சுமையைப் பெண்கள் தலையில் வைத்துவிட்டு ‘ஊர் ருசி போச்சே’ என்று ஆண்கள் புலம்புவது பல வீடுகளில் நடக்கிறது.

கடை புதிதாக ஒன்றைப் படைத்ததும் உண்டு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் புரோட்டா என்றால் சாயங்காலத்துக்கு மேல். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவோ மதுரைச் சால்னாவோ, விளக்கு வைத்த பிறகுதான் கல் சூடாகும். கடல் தாண்டி வந்த அதே மாவு, சிங்கப்பூரில் ‘ரொட்டி பிராட்டா’ ஆகி விடியற்காலைச் சாப்பாடாக மாறிவிட்டது. அங்கே சுருட்டித் தட்டி, சுட்டபின் அடுக்கி வைத்து அடித்து உதிர்ப்பார்கள். இங்கே மெல்லிதாக வீசி, மடித்து, மொறுமொறுவென்று எடுப்பார்கள். தொட்டுக்கொள்ள மீன் கறி அல்லது பருப்பு. சின்னப் பிள்ளைக்குச் சீனி. ஜாலான் காயுவுக்கு அதற்காகவே பெயர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே மேசையில் அதைப் பிய்த்துத் தின்கிறார்கள். இது எந்த ஊர் ருசி? சிங்கப்பூர் ஊர் ருசி. இதைப் படைத்தது வீடு இல்லை, கடைதான். இடியப்பமும் ‘புட்டு மாயாம்’ என்ற பெயரில் ஆரஞ்சு நிறச் சீனியும் தேங்காய்ப் பூவும் சேர்ந்து இந்தத் தீவுக்காரனாகிவிட்டது. யாழ்ப்பாணத்து அம்மா அதைப் பார்த்து ‘இடியப்பத்துக்குச் சீனியா?’ என்று முகம் சுளிப்பார். பேரப்பிள்ளை இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டும்.

ஆனால் கடையையே வீடாக வைத்திருக்கும் ஒரு கூட்டத்தையும் இந்த அரங்கம் மறக்கக் கூடாது. தங்கும் விடுதிகளில் இருக்கும் ஊழியர்களில் பலருக்குக் காலை உணவு என்பது நள்ளிரவில் சமைத்து, விடியுமுன் பொட்டலமாக வந்து சேர்வது. லாரி வரும் நேரத்துக்குள் பாதி உள்ளே போகும், மீதி கட்டுமானத் தளத்தில் வெயிலில் காத்திருக்கும். 2020 ஏப்ரலில் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டபோது, வந்த சாப்பாடு வாய்க்கு ஒத்துவரவில்லை என்ற குறை எழுந்து, பிறகு அவர்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள். நோய்க்குப் பயந்து அடைந்து கிடந்த நேரத்தில் ஒருவன் கேட்டது என்ன? பழகிய குழம்பு. புதுக்கோட்டை, சிவகங்கை, அரியலூர் என்று அவன் ஊர் எதுவாக இருந்தாலும் பொட்டலத்தில் வருவது ஒரே சாம்பார்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும்போது அவன் நல்ல தோசை ஒன்று சாப்பிடுகிறான். அந்தத் தோசைக்காகக் கடைக்குக் கோடி கும்பிடு. ஆனால் அவனைக் கேட்டுப் பாருங்கள், ஊர் ருசி எங்கே இருக்கிறது என்று. கைப்பேசியை எடுத்து அம்மா படத்தைக் காட்டுவான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இறங்க முடியாது. 2016இல் சிங்கப்பூர் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது. 2017 தேசிய தினப் பேரணியில் பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்றார். பத்தில் ஆறு! இந்த அரங்கத்தில் முன் வரிசையை எண்ணிப் பார்க்கக் கை வரவில்லை. மைதா பிராட்டா இரண்டு, சீனி போட்டுக் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் ஒன்று, இதை வாரம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு ஊர்ப் பெருமை பேசினால் ரத்தப் பரிசோதனை கேட்காது. கேழ்வரகும் கம்பும் முளைகட்டிய பயறும் சிவப்பரிசியும் இருந்தது அந்த அன்றாடச் சாப்பாட்டில், கடைப் பட்டியலில் ஏறாத சாப்பாட்டில். களி தின்ற தாத்தா நாள் முழுக்க ஏர் ஓட்டினார், பேரன் மின்தூக்கியில் போகிறான். அதனால் களி தின்றாலே சர்க்கரை இறங்கிவிடும் என்று யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகு அடுப்பேறினால் யாருக்கும் நட்டமில்லை.

வீட்டில் இன்னும் இருப்பது எது தெரியுமா, நடுவர் அவர்களே? கைக்கணக்கு. ‘தண்ணியைத் தெளிச்சுப் பிசறு, பிடிச்சா பிடிக்கணும், உதிர்த்தா உதிரணும்’ என்று புட்டு மாவுக்கு ஒரு பாட்டி சொல்கிற கணக்கு. அப்ப மாவுக்கு ஊரில் கள் சேர்த்த கை, இங்கே ஈஸ்டையும் இளநீரையும் வைத்து அதே புளிப்பைக் கொண்டு வந்த கணக்கு. ஊரில் ரம்பை என்று கிள்ளிப் போட்டதும் இங்கே சந்தையில் பாண்டான் என்று விற்பதும் ஒரே இலைதான் என்று முகர்ந்தே கண்டுபிடித்த மூக்கு. இது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. எழுபது, எண்பது வயதுக் கைகளில் இருக்கிறது. மகளுக்கு நேரமில்லை, பேத்திக்குத் தமிழ் பாதிதான் புரிகிறது. பாட்டி ‘ஒரு சுண்டு’ என்கிறார். பேத்தி ‘எத்தனை கிராம்?’ என்கிறாள். அந்த ஒரு சுண்டை இந்த வாரமே தராசில் போட்டு நிறுத்து எழுதி வைப்பதற்குக் கடைக்காரர் வர மாட்டார். கைப்பேசியில் படம் எடுக்கலாம். பாட்டியின் விரல் எவ்வளவு நேரம் மாவைப் பிசறுகிறது என்று எண்ணலாம். அரை மணி நேர வேலை. அடுத்த சனிக்கிழமை செய்துவிடலாம் என்று தள்ளிப் போட்டு, பாட்டியும் போய், குழல் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற வீடுகள் இந்த ஊரில் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு அது எந்த வீடு என்று தெரியும்.

‘இட்லி, தோசை மாவு’ என்று அச்சடித்த பாக்கெட் கடையில் கிடைக்கிறது. நல்லது, வாங்குங்கள், அவசரத்துக்கு உதவும். அதன் மேல் என்ன ஊர் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிறது. எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. சிராங்கூன் சாலையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நடந்து, நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு ஒரு தட்டும், அச்சில் பிழிந்த சந்தகை ஒரு தட்டும், கம்பங்கூழ் ஒரு சொம்பும் காலை ஏழு மணிக்கு வாங்கி வந்து இந்த மேசையில் வைக்கட்டும். வைத்துவிட்டால் இந்த அணி தோல்வியை ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிடும்.